நோட்டில் ஏறிய மீசை

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை கணவன், கரன்சி நோட்டு அச்சகத்தில் படம் வரைபவன், எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். அங்கே உங்கள் மீசை நலமா? மற்றவர்களைப் பிறகு விசாரிக்கிறேன். போனில் சொன்னால் சிரித்துவிட்டு போனை வைத்துவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

நம் நாட்டு நோட்டில் முதலில் குதிரை மேல் ராஜா இருந்தார். ராஜா போனதும் அவரை மட்டும் அழித்தார்கள். புது அச்சுத் தகடு செய்யக் காசில்லாததால் குதிரை ஆளில்லாமலே பல வருஷம் ஓடியது. பிறகு அணைக்கட்டு வந்தது. அணையில் விரிசல் விழுந்ததும் அதையும் தூக்கிவிட்டார்கள். "இனி வம்பே வேண்டாம், சாதாரண மனுஷன் ஒருத்தன் முகத்தைப் போடுங்க" என்றார் மேலதிகாரி. சாதாரண மனுஷன் என்றதும் எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது, கோபித்துக்கொள்ள வேண்டாம். போன மாதம் எங்கள் கூடத்தில் நீங்கள் தூங்கியபோது வரைந்தேன். படத்தில் மட்டும் கண்ணைத் திறந்து வாயை மூடினேன். மற்றபடி அச்சு அசல் நீங்கள்தான்.

கள்ளநோட்டுக்காரன் திணற வேண்டுமென்று முடியைவிட மெல்லிய கோடுகளை எங்கேயாவது ஒளித்து வைப்பது எங்கள் தொழில். நான் எல்லாவற்றையும் உங்கள் மீசைக்குள் வைத்துத் தொலைத்தேன். ஒப்புதல் குழுவுக்கோ ஒரு பழக்கம்: நோட்டில் வரும் ஆளை எதிரே உட்காரவைத்து, பூதக்கண்ணாடியால் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவார்கள். வியாழக்கிழமை உங்களை அழைத்துவரச் சொல்லியிருக்கிறார்கள். இந்த நேரம் பார்த்து உங்கள் வீட்டு அக்கா போன் செய்து, "இவரு மீசையை எடுக்கப்போறாராம், பத்து வயசு குறையுமாம்" என்று சொல்ல, எனக்கு உயிரே போய்விட்டது. உங்கள் தங்கை ஏற்கெனவே தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தாகிவிட்டது. "எங்க அண்ணன் மூஞ்சி நோட்டுல வரலேன்னா நீங்க வீட்டுக்கே வர வேண்டாம்"னு தீர்ப்பும் சொல்லிட்டா. பத்து வயசு குறைஞ்சு என்ன மச்சான் பண்ணப்போறீங்க? வியாழன் வரைக்கும் கத்தி பக்கமே போகாதீங்க, கும்பிட்டுக் கேக்கறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். சவரக் கத்தியை ஒளித்து வைக்கச் சொல்லவும். மீசை நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
வீடிழக்கும் தறுவாயில் உள்ள
உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டும்போது மேலதிகாரி கூப்பிட்டார். ஒருவர் முகத்தைப் போட்டால் மற்ற சாதாரண மனுஷர்கள் சண்டைக்கு வருவார்களாம்; குழுவுக்குப் பழைய குதிரையே போதுமாம். நீங்கள் வர வேண்டாம், மீசையைத் தாராளமாக எடுங்கள். ஆனால் புதிதாகக் கோடு வரைய நேரமில்லாததால், உங்கள் மீசையை அப்படியே குதிரைக்கு வாலாக வைத்துவிடச் சொல்லி உத்தரவு. அண்ணன் நோட்டில் வருகிறார் என்பதை உங்கள் தங்கையிடம் நான் மாற்றிச் சொல்லவில்லை. எந்த இடத்தில் என்பதை மட்டும் நீங்களே சொல்லிவிடுங்கள்.