பிரைமர் கலப்புத் திருவிழா

நாகரிகம் நதிக்கரையில் பிறந்ததாகப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். அது பழைய பாடம். மனித குல நாகரிகம் 2012 மே மாதம், ஒரகடத்தில், எங்கள் கிரேன் தொழிற்சாலையின் பெயின்ட் ஷாப் வாசலில்தான் முழுமை பெற்றது. நலத்துறை அதிகாரி என்ற முறையில் நான் பக்கத்திலேயே நின்றேன், அடித்துச் சொல்வேன்.

புது ஸ்பிரே பூத் திறப்பு விழா. மற்ற கம்பெனிகளில் ரிப்பன் வெட்டுவார்கள். எங்கள் மேனேஜர் பாண்டுரங்கன் அப்படிச் சாதாரணமானவர் அல்ல. துருப்பிடிக்காமல் இருக்க இரும்பில் முதலில் பூசும் பிரைமரை மேடையிலேயே கலப்பது என்று முடிவு செய்தார். வாளியில் பிரைமர், பக்கத்தில் அதை இறுக வைக்கும் ஹார்டனர், கலக்குவதற்கு மல்லிகைச் சரம் சுற்றிய கரண்டி.

பெயின்டர் தங்கமாரிக்கு மறுநாள் கோவில்பட்டியில் நிச்சயதார்த்தம். அன்று சாயங்காலமே ரயில். "மொத பிரைமர் காஞ்சப்புறம்தான் உனக்கு லீவு" என்று மேனேஜர் சொல்லியிருந்தார். மாப்பிள்ளைக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"சார், இப்பமே ஹார்டனர ஊத்தாதீய. ஊத்திட்டா வச்சிருக்க முடியாது, இறுகிரும். பேச்செல்லாம் முடியட்டும், கடைசில கலப்போம்."

"இன்னாப்பா பேசற? அப்பால ராகு காலம் வந்துடும். ராகு காலத்துல கலந்த பிரைமர் இரும்புல ஒட்டுமா?"

இதுதான் எங்கள் தொழிற்சாலையின் "விஞ்ஞான விளக்கம்".

நல்ல நேரத்தில் ஹார்டனர் ஊற்றப்பட்டது. பர்ச்சேஸ், அக்கவுன்ட்ஸ், செக்யூரிட்டி என எல்லாத் துறைத் தலைவர்களும் ஆளுக்கொரு சுற்று கலக்கினார்கள். எச்.ஆர். மேடம் மதிவதனி அட்சதையை வாளிக்குள்ளேயே தூவினார்.

"ஐயோ மேடம், அரிசி ஸ்பிரே கன்னுல அடைச்சுக்கிடுமே!" என்று பதறினார் தங்கமாரி.

"ஆசீர்வாதம்பா அது. அடைக்காது."

பிறகு சொற்பொழிவுகள். மேனேஜர் "துருவற்ற இந்தியா" பற்றி முழங்கினார். பர்ச்சேஸ் தலைவர் அதையே மறுபடி முழங்கினார். அக்னி நட்சத்திர வெயில் வாளியின் மேல் நேராக விழுந்தது. தங்கமாரி தொட்டுப் பார்த்துவிட்டுக் கத்தினார்: "சார், வாளி சூடாவுது!"

"உணர்ச்சிப் பெருக்கு!" என்று மேனேஜர் மைக்கிலேயே விளக்கினார். பலத்த கைதட்டல்.

விருந்து முடிந்து வந்து பார்த்தோம். வாளியின் நடுவே கரண்டி கொடிக்கம்பமாக நின்றது. மேனேஜர் இழுத்தார். கரண்டியோடு வாளியும் வந்தது. ஸ்டோரில் வேறு ஹார்டனர் கிடையாது. பிரைமர் பூசியிருக்க வேண்டிய கிரேன் வெற்று இரும்பாக வெயிலில் நின்றது.

உடனே விசாரணைக் கமிட்டி கூடியது. மேடையில் பேசிய அத்தனை பேரும் உறுப்பினர்கள். "பிரைமருக்குப் பொறுமை போதாது" என்று ஒருமனதாகத் தீர்ப்பு வந்தது. இப்படியொரு நடுநிலையை நான் எங்கும் கண்டதில்லை.

தங்கமாரி வாளியை விரலால் தட்டிக் காட்டினார். கல் மாதிரி சத்தம் வந்தது.

"சார், மொத பிரைமர் காஞ்சப்புறம் லீவுன்னு சொன்னீய. நல்லாவே காஞ்சிட்டு. கிளம்பட்டா?"

எங்கள் நிர்வாகம் சொன்ன சொல் தவறாது. மேனேஜர் தானும் ஒருமுறை தட்டிப் பார்த்து, காய்ந்ததை முறைப்படி ஒப்புக்கொண்டார். தங்கமாரி பையைத் தூக்கிக்கொண்டு சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்துக்கு ஷேர் ஆட்டோ பிடிக்க ஓடினார். எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

ஆவணியில் கல்யாணம். பத்திரிகை வைக்க வந்தவரைப் பார்த்து மேனேஜர் நெகிழ்ந்துபோனார். "வாழ்த்துரை நான்தாம்பா. எத்தினி நேரம்னாலும் பேசறேன்."

"கண்டிப்பா வாங்க சார், சாப்பிட்டுத்தான் போவணும். மைக் செட்டு மட்டும் வைக்கல" என்றார் தங்கமாரி. "முகூர்த்தத்துக்குள்ள தாலி கட்டணும்லா."