ஒரு சொட்டும் குறையாத தொட்டி

சாக்கடை வண்டிகளில் வேலை செய்கிறவர்களுக்கும் கண்கள் உண்டு என்பதைத் தலைமை அலுவலகம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கண்டுபிடித்தது. கண்டுபிடித்துவிட்டுச் சும்மா உட்காரவில்லை. "ஊழியர்களுக்குக் கண்கள் உள்ளமை உறுதி செய்யப்பட்டுவிட்ட நிலையில், அவற்றைக் கழுவும் ஏற்பாடுகள் போர்க்கால அடிப்படையில் மேற்கொள்ளப்பட வேண்டும்" என்று சுற்றறிக்கை புறப்பட்டது. புறப்பட்ட சுற்றறிக்கை மேசை மேசையாக இரண்டு வருஷம் சுற்றிவிட்டு, வண்டிகள் நிற்கும் கொட்டகைக்கு வந்து சேர்ந்தபோது கூடவே ஒரு தொட்டியும் வந்தது.

நல்ல பச்சை நிறம். நாற்பது லிட்டர் பிடிக்கும். ஒரு பக்கம் கை கழுவக் குழாய். இன்னொரு பக்கம் குனிந்தால் கண்ணுக்கு நேரே தண்ணீர் பீச்ச இரண்டு சின்ன மூக்கு. அதன் முழுப்பெயர் 'நடமாடும் கை மற்றும் கண் தூய்மை வசதி, மாதிரித் திட்டம்.' வாய் வலிக்கும் என்று எல்லாரும் தொட்டி என்றார்கள்.

இருபது வண்டிகள் இருந்தன. தொட்டி ஒன்றுதான். அது நம் ஓட்டுநருடைய வண்டிக்கு வந்தது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே மனைவியிடம் சொன்னார்.

"அப்பாடா! என் தம்பி உங்க வண்டியிலதானே சுண்ணாம்புத் தூள் தூவறான்? இனிமே அவன் கண்ணுக்குப் பயமில்ல" என்றாள் அவள்.

"நான் இருக்கும்போது என்ன பயம்?" என்றார் ஓட்டுநர்.

மறுநாள் பாதுகாப்பு அதிகாரி வந்து தொட்டிக்குப் பூட்டுப் போட்டு, சாவியை ஓட்டுநர் கையில் கொடுத்தார். தொட்டியின் பக்கவாட்டில் ஒரு சிவப்புக் கோடு இருந்தது.

"தண்ணி இந்தக் கோட்டை விட்டு இறங்கக் கூடாது. இறங்கினா நீங்கதான் பதில் சொல்லணும்."

"தண்ணிய எடுத்தா கோட்ட விட்டு இறங்கிடுமே சார்?"

"இறங்கும்."

"அப்ப எடுக்கக் கூடாதா?"

"எடுக்கக் கூடாதுன்னு யாருய்யா சொன்னா? அது ஊழியர் உரிமை. இறங்கக் கூடாதுன்னுதான் சொன்னேன்."

ஓட்டுநருக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. அன்றிலிருந்து தொட்டியைக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டார். மனைவியிடம் சொல்லி ஒரு உறை தைத்துப் போட்டார். வேலை முடிந்து யாராவது சேற்றுக் கையோடு கிட்டே வந்தால் வள்ளென்று விழுவார்.

"தொட்டியத் தொடாதீங்கடா! போய்த் தெருக்குழாயில கையக் கழுவிட்டு வாங்க!"

மூன்று மாதம் போனது. தொட்டியில் ஒரு சொட்டுக் குறையவில்லை. மாத அறிக்கையில், 'பயன்பாடு இல்லை. ஆகவே விபத்தும் இல்லை' என்று எழுதிப் போனது. தொட்டி இல்லாத பத்தொன்பது வண்டிகளில் பதினோரு பேருக்குக் கண்ணில் தூள் விழுந்திருந்தது. தலைமை அலுவலகம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து வியந்தது. தொட்டியைக் கண்டாலே சுண்ணாம்பு ஒதுங்கிப் போகிறது என்று அறிவியல் பூர்வமாகத் தெரியவந்தது. வெள்ளிக்கிழமை இயக்குநரே நேரில் வந்து வண்டிக்கு விருது கொடுப்பதாக ஏற்பாடு.

வியாழக்கிழமை மதியம் மச்சினன் தூக்கிய சுண்ணாம்பு மூட்டையின் அடித்தையல் விட்டுப்போனது.

"மாமா! கண்ணு! கண்ணு எரியுது மாமா!"

இரண்டு கண்ணையும் பொத்திக்கொண்டு மச்சினன் தரையில் உட்கார்ந்துவிட்டான். ஓட்டுநர் ஓடினார். உறையை உருவி, சாவியைப் பூட்டில் நுழைத்துவிட்டார். அப்போதுதான் சிவப்புக் கோடு கண்ணில் பட்டது. நாளைக்கு இயக்குநர். கை அப்படியே நின்றது. சாவியை விட்டுவிட்டுப் போனை எடுத்துப் பாதுகாப்பு அதிகாரியைக் கூப்பிட்டார்.

"சார், என் மச்சினன் கண்ணுல சுண்ணாம்பு விழுந்துடுச்சு. தொட்டியத் திறக்கலாமா?"

"என்னய்யா இது, ஆபீஸ் தண்ணி சொந்தக்காரனுக்கா?"

"அவன் நம்ம ஊழியர் சார்!"

"அத மொதல்ல சொல்ல வேண்டாமா? தாராளமா திறக்கலாம். அவர் உரிமைய யார் தடுக்க முடியும்? தொட்டியோட குடுத்த படிவத்தப் படிச்சுப் பாத்து ஒரு கையெழுத்துப் போடச் சொல்லுங்க."

"அவனால கண்ணத் திறக்க முடியல சார்."

"அதுக்கும் வழி வச்சிருக்கு. கண்ணத் திறக்க முடியாதவங்க என்ன செய்யணும்னு பின்பக்கம் சின்ன எழுத்துல இருக்கும். அதப் படிக்கச் சொல்லுங்க."

ஓட்டுநர் படிவத்தைத் திருப்பி மச்சினன் முன்னால் நீட்டக்கூடச் செய்தார். தெரு ஓரத்து டீக்கடை அக்கா அதுவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தவள், குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"அட கூறு கெட்ட மனுஷா! அவன் கண்ணு வேகுது, நீ காயிதத்தக் காட்டறியே!"

மச்சினன் தலையை மடியில் சாய்த்து, இமையை விரலால் பிரித்து, ஊற்றினாள், ஊற்றினாள், குடம் காலியாகும் வரைக்கும் ஊற்றினாள். பிறகு இன்னொரு குடம்.

"அக்கா, தொட்டி மேல தெறிக்காம ஊத்துங்க" என்று ஒரு குரல் கேட்டது. அது தன் குரல்தான் என்று ஓட்டுநருக்குக் கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். வலது கண் தப்பித்துவிட்டது. இடது கண்ணில் பனி மாதிரி படர்ந்திருந்தது.

"விழுந்த உடனே கழுவியிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. பக்கத்துல தண்ணியே இல்லையா?"

ஓட்டுநர் மின்விசிறியைப் பார்த்தார்.

சாயங்காலம் பாதுகாப்பு அதிகாரி ஒரு தாளோடு கட்டிலருகே வந்தார். முகத்தில் துக்கம் இருந்தது, விருதுக்கான துக்கம்.

"வேலை நேரத்துக் கண்ணு துறையோட கண்ணு. அத டீக்கடைத் தண்ணியில கழுவினது பெரிய விதிமீறல். விசாரணை வரும். டீக்கடைக்கும் நோட்டீஸ் போகும். தொட்டிய ஏன் திறக்கலன்னு உங்க மாமாவுக்கு வேலையும் போகும்."

"என்ன சார் செய்யறது?" என்றார் ஓட்டுநர்.

"ஒண்ணும் செய்ய வேண்டாம். கண்ணுல எதுவுமே விழலன்னு எழுதிட்டா, கழுவினதும் நடக்கலன்னு ஆயிடும். எல்லாருக்கும் நல்லது."

வண்டி ஆட்கள் நாலு பேரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். "நம்ம கொட்டகைக்கு வர்ற மொத விருதுடா" என்றான் ஒருத்தன். "அந்த அக்காவையும் நெனச்சுப் பாரு" என்றான் இன்னொருத்தன், நல்லெண்ணத்தோடு.

மச்சினன் இருக்கிற ஒரு கண்ணால் ஓட்டுநரைப் பார்த்தான்.

"நீங்க என்ன மாமா சொல்றீங்க?"

ஓட்டுநர் பேனா மூடியைக் கழற்றி அவன் கையில் கொடுத்தார். பிறகு சொன்னார்: "நாளைக்குப் போட்டோவுல நீ எனக்குப் பக்கத்துலயே நிக்கலாம் மாப்ள."

மச்சினன் கையெழுத்துப் போட்டான்.

விழா பிரமாதமாக நடந்தது. இயக்குநர் உறையை விலக்கி, சிவப்புக் கோட்டைத் தொட்டுப் பார்த்து, "ஒரு சொட்டுக்கூடக் குறையலையே!" என்று நெகிழ்ந்தார். எல்லாரும் கை தட்டினார்கள். துறையின் மாத இதழில் படம் வந்தது. ஓட்டுநர் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மச்சினன் இடது கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. கீழே, 'விருது பெற்ற பெருமிதத்தில் ஆனந்தக் கண்ணீர் வடிக்கும் ஊழியர்' என்று போட்டிருந்தார்கள். ஓட்டுநர் மனைவியிடம், தம்பிக்குக் கண்ணில் தூசி என்றுதான் சொல்லியிருந்தார். அவள் அந்தப் பக்கத்தைத் தெரு முழுக்கக் காட்டினாள். "சின்ன வயசுலயிருந்தே இவனுக்கு இளகின மனசு!"

விருது பெற்ற வண்டியில் ஓயாமல் கண் கலங்குகிறவன் இருப்பது பொருத்தமாக இருக்காது என்று, மச்சினனை அடுத்த வாரம் தொட்டியில்லாத வண்டி ஒன்றுக்கு மாற்றினார்கள்.

அந்தப் பத்தொன்பது வண்டிக்காரர்களும் அதற்குள் கொதித்துப்போயிருந்தார்கள். அவர்கள் மட்டும் என்ன பாவம் செய்தார்கள்? கொட்டகையில் கூட்டம் போட்டு, தங்களுக்கும் அதே தொட்டி, அதே கோடு, அதே பூட்டு வேண்டும் என்று ஒரே குரலில் தீர்மானம் போட்டார்கள். அனுபவசாலி என்று மனுவை எழுதித் தரச் சொன்னது ஓட்டுநரிடம்தான். அவரும் குண்டு குண்டாக, அழகாக எழுதிக் கொடுத்தார். முதல் கையெழுத்து மச்சினனுடையது. எந்த இடத்தில் போடுவது என்று அவனுக்கு ஒற்றைக் கண்ணால் சரியாகத் தெரியாததால், மாமாவே விரலைப் பிடித்துக் கொண்டுபோய் வைத்தார்.