மிஷின் இருமுமா?

தாராவி,
வியாழக்கிழமை.

எங்கே நின்றாலும் தலை நிமிர்ந்து நிற்க வேண்டிய என் பேரன், விக்ரோலி கம்ப்யூட்டர் ஆபீஸ் இன்ஜினீயர் சுரேந்திரனுக்கு, நைன்ட்டி ஃபீட் ரோடு புது பில்டிங் ஏழாவது மாடியிலிருந்து உன் ஆச்சி பேராச்சி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் நன்றாக இல்லை. அதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் மற்றபடி சுகம்தான். உன் சுகத்தையும் உன் வாயாலேயே கேட்க ஆசை. அந்த வாய் விஷயமாகத்தான் இந்தக் கடிதம்.

சயான் ஸ்டேஷனில் ஏறினால் அரைமணி நேரத்தில் விக்ரோலி வந்துவிடுமே, இதற்குப் போய்த் தபாலா என்று கேட்பாய். நேற்று உனக்கு விடாமல் போன் அடித்தேன். ஒவ்வொரு தடவையும் நீ வரவில்லை, இங்கிலீஷில் ஒரு மெசேஜ் வந்தது. பக்கத்து வீட்டு ஆஸியாவிடம் காட்டினேன். "மீட்டிங்ல இருக்காராம் ஆச்சி, அப்புறம் கூப்பிடுவாராம்" என்றாள். அடுத்ததற்கும் அதையே சொன்னாள். எல்லாம் ஒரே எழுத்து, ஒரே புள்ளி. அதையும் நீ எழுதவில்லை, உன் போனே எழுதுகிறதாம். அதனால்தான் பேனாவை எடுத்தேன். அஞ்சாம் கிளாஸ் வரைக்கும் படித்தவள் நான், கையெழுத்துக்கு டீச்சர் என் நோட்டை வகுப்பு முழுக்கக் காட்டியிருக்கிறாள். உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும் என்று தெரியும். மெதுவாகவே வாசி. நீ வாசிக்கிற நேரமெல்லாம் என்னோடு இருக்கிற நேரம்தான்.

பொங்கலன்று நீ வந்தது நினைவிருக்கும். தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். போன் அடித்தது, உன் பெயர் தெரிந்தது, எடுத்தேன். "ஆச்சி, சாப்பிட்டியா?" என்று உன் குரல். போனைப் பார்த்தேன், உன்னைப் பார்த்தேன், உன் வாய் நிறையச் சோறு. "யாருல அது?" என்று நான் அலற, போனுக்குள் இருந்த சுரேந்திரன் "மாத்திரை போட்டியா?" என்றான், தரையில் இருந்த சுரேந்திரனுக்குப் புரையேறிவிட்டது. எந்தச் சுரேந்திரன் தலையில் தட்டுவது என்று ஒரு நிமிஷம் எனக்குத் தெரியவில்லை. அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. மழைக்காலத்திலிருந்தே தினமும் சாயங்காலம் என்னிடம் பேசியது நீ இல்லையாம். உன் குரலைப் பிடித்து மூன்று வாக்கியத்தை உள்ளே வைத்து நீ எழுதிய ப்ரோக்ராமாம். மூன்றாவது, "சரி ஆச்சி, வச்சிடுதேன்." நான் பேசி முடிக்கிறவரை காத்திருந்து அடுத்த வாக்கியத்தைச் சொல்லுமாம்.

நீ அசரவே இல்லையே! தண்ணீரைக் குடித்துவிட்டு எனக்குப் பாடம் எடுத்தாய். "அரே ஆச்சி, சுன் நா, சொல்றதைக் கேளு. இதுக்கு டிபெண்டென்சி இன்ஜெக்‌ஷன்னு பேரு. ஒரு ப்ரோக்ராமுக்கு ஒரு சாமான் வேணும்னா, அது தானே உண்டாக்கிக்கக் கூடாது. வெளியிலேருந்து நாமதான் கையில குடுக்கணும். கேட்டா பதில் சொல்ற மாதிரி ஒண்ணு வந்தாப் போதும், உள்ள இருக்கிறது எதுன்னு அதுக்குக் கவலை இல்ல. டெஸ்ட் பண்றப்ப டம்மியை வைப்போம். வித்தியாசமே தெரியாது."

"அப்போ இதுல சாமான் வேணும்னு கேக்கிறவ யாருல? நானா?" என்றேன். நீ இன்னொரு கரண்டி பொங்கல் கேட்டாய்.

எனக்குப் புரியாமல் இல்லை. ஆஸியாவின் வீட்டுக்காரர் தோல் பை தைக்கிறாரே, அவர் மிஷினில் மோட்டார் போனால் வேறு மோட்டார் மாட்டுகிறார். மிஷின் மோட்டாரின் பெயரைக் கேட்பதில்லை, பெல்ட் சுற்றினால் தைக்கிறது. நல்ல ஏற்பாடுதான். பேரனை மாட்டுகிற இடத்திலும் அப்படியே மாட்டலாம் என்று உனக்குத் தோன்றியிருக்கிறது. இன்னொன்றும் சொன்னாய். கன்டெய்னர் என்று ஒன்று உண்டு, எது எப்போது பிறக்க வேண்டும், யார் கையில் போக வேண்டும், எப்போது மூட வேண்டும் என்று எல்லாம் அதுதான் பார்த்துக்கொள்ளும், கடைசியில் வந்ததை முதலில் மூடி, முதலில் வந்ததைக் கடைசியில் மூடும் என்று. இதற்கு விக்ரோலியில் ஏசி போட்டு ஆபீஸ் எதற்கு? இந்த வீட்டில் இத்தனை வருஷம் நான் செய்தது அந்த வேலைதானே. யாரை எப்போது எழுப்புவது, யார் கையில் எந்த டப்பா, யார் வந்த பிறகு கதவைச் சாத்துவது, எல்லாம். உன் தாத்தா மட்டும் வரிசை தெரியாமல் முன்னாலேயே மூடிக்கொண்டார். உன் அப்பனும் அம்மையும் ஊரில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நீ விக்ரோலி. இப்போது ஏழாவது மாடியில் கன்டெய்னர் மட்டும் இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை.

இருக்கட்டும். நீ போன பிறகு நானும் அந்த டம்மியை டெஸ்ட் பண்ணினேன். "ஆச்சி, சாப்பிட்டியா?" என்றது. "இல்லல, செத்துப் போயிட்டேன்" என்றேன். "மாத்திரை போட்டியா?" என்றது. "செத்தவளுக்கு எதுக்குல மாத்திரை?" "சரி ஆச்சி, வச்சிடுதேன்." இதுதான் உன் இன்ஜினீயரிங்கா? ஆரம்பிக்க எழுதியிருக்கிறாய், மூட எழுதவில்லை. நாளைக்கு நான் போன பிறகும் சாயங்காலம் ஆனால் போன் அடிக்கும், பூட்டிய வீட்டிடம் சாப்பிட்டியா என்று கேட்கும், யாரும் நிறுத்த மாட்டார்கள்.

ஆனால் எடுக்காவிட்டால் மட்டும் அதற்கு எங்கிருந்தோ கரிசனம் வந்துவிடுகிறது. போன வாரம் நான் குளித்துக்கொண்டிருந்தபோது அடித்திருக்கிறது. எடுக்கவில்லை என்றதும் அதுவாகவே வாட்ச்மேனுக்கு மெசேஜ் அனுப்பிவிட்டது. அவன் பில்டிங் செக்ரட்டரியைக் கூட்டிக்கொண்டு வந்து, "ஆஜி! டீக் ஹை க்யா?" என்று என் சுகத்தைக் கேட்டுக் கதவை இடிக்க, சத்தத்தில் மாடியில் உள்ள கதவெல்லாம் திறந்து, ஈரச் சேலையோடு நான் திறந்தால் வாசலில் ஒரு கூட்டம். இந்த பில்டிங்குக்கு வந்த பிறகு அத்தனை முகங்களை அன்றுதான் பார்த்தேன். எல்லாரையும் உள்ளே உட்காரவைத்து டீ போட்டுக் கொடுத்தேன். நல்ல சாயங்காலம். செக்ரட்டரிதான் போகும்போது, இனிமேல் இப்படி ஆகக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

இனி வருவதைக் கவனமாக வாசி. செவ்வாய்க்கிழமை எனக்கு கிங்ஸ் சர்க்கிள் போக வேண்டியிருந்தது. போனைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போனால் இரைச்சலில் கேட்காது, எடுக்காவிட்டால் மறுபடி வாட்ச்மேன் வருவான். நீ சொல்லிக் கொடுத்த பாடம் நினைவுக்கு வந்தது. அந்தப் பக்கம் டம்மி இருக்கலாம் என்றால் இந்தப் பக்கமும் இருக்கலாமே. ஆஸியாவைக் கூப்பிட்டுப் போனைக் கையில் கொடுத்தேன். "ஆச்சி, ஒங்க குரல் எனக்கு எப்படி வரும்?" என்றாள். "அதுக்குக் குரல் தெரியாதுட்டி. மூணு சொல்லு. சாப்பிட்டேன் ராசா, போட்டேன் ராசா, உடம்பப் பாத்துக்க ராசா. அது என்ன கேட்டாலும் இந்த மூணத் தாண்டி வாயத் திறக்காத. அது மிஷின்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனேன்.

திரும்பி வரும்போது விளக்கு போட்டாகிவிட்டது. ஆஸியா லிஃப்ட் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

"ஒங்க மிஷினுக்குச் சளி புடிச்சிருக்கு ஆச்சி. இன்னைக்கு ரெண்டு தடவ அடிச்சிச்சு."

"ரெண்டு தடவையா?"

"ஆமா. மொத தடவ, 'ஆச்சி, ஞாயித்துக்கெழம வீட்டுலதான இருப்ப?'ன்னுச்சு. 'சாப்பிட்டேன் ராசா'ன்னேன். 'அரே, அதில்ல, ரெண்டு நாள் தங்குற மாதிரி வரட்டுமா?'ன்னுச்சு. 'போட்டேன் ராசா'ன்னேன்."

"அப்புறம்?"

"'என் மேல கோவமா ஆச்சி?'ன்னு கேட்டு இருமிச்சு. அதுவே 'சரி, நீ ரெஸ்ட் எடு, அப்புறம் பாக்கலாம்'ன்னுச்சு. 'உடம்பப் பாத்துக்க ராசா'ன்னேன், வச்சிருச்சு. அதுக்கப்புறம் மறுபடி அடிச்சு, எப்பவும் போல மூணுதான் கேட்டுச்சு. ஏன் ஆச்சி, மிஷின் இருமுமா?"

என் கையில் மோர் மிளகாய்ப் பொட்டலம் இருந்தது. நீ என்றைக்காவது வந்தால் வறுக்க வேண்டும் என்று அதை வாங்கத்தான் கிங்ஸ் சர்க்கிள் போனேன். ஆஸியாவைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை, நான் மாட்டிவிட்டபடிதான் அவள் ஓடினாள். ஆனால் உன்னை ஒன்று கேட்கிறேன். எத்தனையோ மாசத்துக்கு அப்புறம் நீயாக, உன் சொந்தத் தொண்டையால் கூப்பிட்டாய், ஒரு பெண்பிள்ளை உன் ஆச்சி இடத்தில் உட்கார்ந்து பதில் சொல்கிறாள், உனக்கு வித்தியாசமே தெரியவில்லையா ராசா?

ஆகவே நீ செய்ய வேண்டியது இதுதான். அந்த டம்மியை இந்தக் கடிதம் கண்டவுடன் மூடிப் போடு. அதன் இடத்தில் நீயே வந்து நில், வேறு யாரையும் மாட்டாதே. தினமும் வேண்டாம், உனக்கு வேலை இருக்கிறது, ஏதோ ஒரு நாள் கூப்பிடு. கோபமா என்று கேட்டாயாமே, இல்லை. ஞாயிற்றுக்கிழமை வா. ரெண்டு நாள் தங்கு. நான் ரெஸ்ட் எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டேன்.

இருமலுக்கு இஞ்சி தட்டிப் போட்டுக் குடி. கழுத்தை வளைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பார்க்காதே. உன் கையும் காலும் கண்ணும் நன்றாக இருக்கட்டும், உன் ஆபீஸில் எல்லாரும் உன்னைப் பார்த்து எழுந்து நிற்கட்டும், நிற்காவிட்டாலும் உட்கார இடம் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
வேறு ஆள் இல்லாத, அசல்
பேராச்சி.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது போன் அடித்தது. சாப்பிட்டியா என்றது. இதில் எழுதியிருப்பதை எல்லாம் ஒன்று விடாமல் அதனிடம் சொல்லிவிட்டேன். குறுக்கே பேசவில்லை, மீட்டிங் என்று சொல்லவில்லை, நான் மூக்கைச் சிந்தி முடிக்கிறவரை காத்திருந்துதான் மாத்திரையைக் கேட்டது. அதனால் மேலே சொன்னபடி அதை மூடிப் போட வேண்டாம், அது பாட்டுக்கு ஓடட்டும். கடைசியாக, "ஞாயித்துக்கெழம வாரியா ராசா?" என்று கேட்டேன். "சரி ஆச்சி" என்றது. உங்கள் ரெண்டு பேரில் யார் சொன்னது என்று பார்த்துக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. சனிக்கிழமையே அரிசி ஊறப் போடுகிறேன்.