பஸ் அண்ணையின் முதல் தெரிவு

உதைபந்தாட்ட அணிக்கு ஆள் எடுக்க பஸ்ஸின் பக்கக் கண்ணாடி ஒன்றே போதும் என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் பஸ் அண்ணைதான். உலகத்திலேயே ஒரே மனிதர் என்று எழுத ஆசை. ஆனால் உலகம் முழுவதையும் நான் விசாரிக்கவில்லை. டென்மார்க்கை விசாரித்தேன். வேறு ஒருவரும் இல்லை.

கோல்டிங் நகரத்தில் பஸ் ஓட்டினார், அதனால் பஸ் அண்ணை. பெற்றோர் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. வருடத்தில் ஒரு நாள் மட்டும் அதை உரத்து வாசிப்பார்கள். அந்த நாளுக்குப் பெயர் பிரிப்பு.

எங்கள் பக்கத்து ஊர்களில், நாற்பது தாண்டிய தமிழ் ஆண்களுக்கென்று ஆறு உதைபந்தாட்ட அணிகள் இருக்கின்றன. முன்பெல்லாம் எந்த ஊரில் வீடோ அந்த ஊருக்கு விளையாடுவார்கள். ரண்டர்ஸில் வீடு வாங்கிய ஒருவர் கோல்டிங்குக்கு விளையாடலாமா என்று ஒரு வருடம் வந்த சண்டையில், இரண்டு குடும்பங்கள் ஒன்றையொன்று கல்யாணத்துக்கு அழைப்பதையே நிறுத்திவிட்டன. அதன்பிறகுதான் பிரிப்பு வந்தது. கோடைப் போட்டிகள் தொடங்குமுன் ஒரு பாடசாலைச் சாப்பாட்டு அறையில் எல்லாரும் கூடுவோம். சங்கத்தில் இருக்கும் நாற்பது தாண்டிய அத்தனை ஆண்களின் பெயர்களும் பொதுவில் வாசிக்கப்படும். ஆறு பொறுப்பாளர்களும் மாறி மாறி ஒவ்வொருவராக எடுப்பார்கள். போன வருடம் கடைசியாக வந்த அணிக்கு முதல் தெரிவு. காசு கிடையாது, தேநீரும் மட்டன் ரோல்ஸும் உண்டு. எடுத்தவரைத் திருப்பிக் கொடுக்க முடியாது. ஒருவரும் எடுக்காத பெயர்கள் ‘மிச்சம்’. மிச்சத்திலிருந்து எந்த அணியும் எப்போதும் ஆள் எடுத்துக்கொள்ளலாம்.

பொறுப்பாளர்களின் பெயர்களும் அந்தப் பட்டியலில் இருக்கும். மற்ற ஐந்து பேரும் தங்கள் பெயரை வெட்டச் சொல்லிவிடுவார்கள். எங்கள் அணிப் பொறுப்பாளரான பஸ் அண்ணையிடம் கேட்டால், “கிடக்கட்டும்” என்பார். தன் அணிக்கும் தன்னை எடுக்கமாட்டார். நான் ஒருமுறை காரணம் கேட்டேன்.

“அவன் ஓடினதை நான் காணேல்லை. எப்பிடி எடுக்கிறது?”

“ஆர் அண்ணை?”

“நான்தான். நான் எப்பவும் உள்ளுக்கெல்லே இருக்கிறன்.”

அவர் பகிடி விடவில்லை. அவருடைய முறையே அதுதான். மைதானத்தில் ஒருவன் ஓடுவது நடிப்பு, பஸ்ஸைத் தவறவிடப்போகிறவன் ஓடுவதுதான் உண்மையான ஓட்டம் என்பது அவருடைய முடிவு. தரிப்பிடத்தில் கதவை மூடிய பிறகு கண்ணாடியைப் பார்ப்பார். யார் வருகிறார்கள், முழங்கால் எவ்வளவு உயருகிறது, மூச்சு எங்கே முட்டுகிறது எல்லாம் பார்ப்பார். பிறகு பஸ்ஸை எடுத்துவிடுவார். ஒருவருக்காக நின்றால் நாற்பது பேர் பிந்துவார்கள் என்பது இன்னொரு முடிவு. கோல்டிங்கில் அவரால் வேலைக்குப் பிந்திப் போன தமிழர்கள் எல்லாருமே அணியில் ஏதாவது ஒரு வருடம் இடம் பெற்றிருக்கிறார்கள்.

நான் சொல்லப்போகும் வருடத்தில் நிலைமை கடுமையாக இருந்தது. எங்கள் பிள்ளைகள் டெனிஷ் கழகங்களில் விளையாடுகிறார்கள். எங்களோடு சேர வருவதில்லை. ஆறு அணிக்கு ஆள் போதவில்லை. இந்த முறை கடைசியாக வரும் அணி கலைக்கப்படும், ஆட்கள் மற்ற ஐந்துக்கும் பகிரப்படுவார்கள் என்று சங்கம் முடிவெடுத்தது. முந்திய வருடம் கடைசியாக வந்தது நாங்கள். பஸ் அண்ணைக்கு அந்த அணியை விட்டால் வேறு பொழுதுபோக்கே கிடையாது. சீட்டு விளையாடமாட்டார், மகள் ரண்டர்ஸில் இருந்தாள், மனைவி இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன.

ஒரேயொரு நல்ல சங்கதி: முதல் தெரிவு எங்களுடையது. அந்த வருடம்தான் நிரோஷனுக்கு நாற்பது வயதாகியிருந்தது. அவன் உண்மையான உதைபந்தாட்டக்காரன். அவனை எடுப்பவர்களுக்குக் கோடை முழுவதும் கவலை இல்லை என்பது அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். அவனும் எங்கள் மேசைக்கு அருகிலேயே கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

பஸ் அண்ணை எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

“பாஸ்டர்.”

ரோல்ஸ் கடித்தவர்கள் கடித்தபடியே நின்றார்கள். பிரெடெரிசியா நகர அணிப் பொறுப்பாளரின் கையிலிருந்த தேநீர் அவருடைய மடியில் ஊற்றியது. அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

“எந்தப் பாஸ்டர்?” என்றார்.

“எங்கடை பெந்தகோஸ்து சபைப் பாஸ்டர். ஐம்பத்திரண்டு வயசு. பின்வரிசைக்கு.”

நான் அணித் தலைவன். அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தேன். “விசரே அண்ணை உங்களுக்கு? நிரோஷன் இந்தா இருக்கிறான்!”

“அவன் கார் வச்சிருக்கிறான். கார் வச்சிருக்கிறவனைப் பற்றி எனக்கென்ன தெரியும்?”

“பாஸ்டரைப் பற்றி என்ன தெரியும்?”

“ஒருநாள் பஸ்ஸிலை மணி வேலை செய்யேல்லை. பின்னாலை இருந்து ‘ஸ்டொப்’ எண்டு ஒரு சத்தம் போட்டார். நான் பிறேக் போட்டன். எனக்குப் பின்னாலை வந்த ரெண்டு காரும் பிறேக் போட்டவங்கள். எங்கடை பின்வரிசையிலை ஒருத்தருக்கும் தொண்டை இல்லை, தம்பி.”

அப்போதுதான் மூலையிலிருந்து யாரோ மெதுவாகக் கேட்டார்கள்: “அண்ணை, மட்ச் எல்லாம் ஞாயிற்றுக்கிழமையெல்லே? பாஸ்டருக்குச் சபை.”

பஸ் அண்ணையின் முகத்தில் முதன்முறையாக ஒரு யோசனை ஓடியது. “ஞாயிறு எனக்கு லீவு. ஞாயிறிலை ஆர் என்ன செய்யினம் எண்டு எனக்குத் தெரியாது” என்றார். எடுத்ததைத் திருப்ப முடியாது. அடுத்த தெரிவு பிரெடெரிசியாவுடையது. அவர்கள் நிரோஷனை எடுத்தார்கள். நனைந்த காற்சட்டையோடு அவர்களுடைய பொறுப்பாளர் எங்கள் மேசைக்கு வந்து பஸ் அண்ணைக்குக் கைகொடுத்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அதிர்ச்சி அத்தோடு முடியவில்லை. இரண்டாவதாக மீன் தொழிற்சாலை ஜெயத்தை எடுத்தார். பஸ்ஸுக்குச் சமமாக ஓடிவந்து கதவில் தட்டிய ஒரே மனிதன் அவன்தான். ஓட்டம் உண்மைதான். ஆனால் பஸ் போகும் தெரு நேர்த்தெரு. ஜெயத்துக்குத் திரும்பத் தெரியாது என்பது முதல் பயிற்சியில் தெரியவந்தது. பந்தோடு புறப்பட்டால் மைதானத்தைக் கடந்து, பற்றையையும் கடந்து, வாகனத் தரிப்பிடத்தில்தான் நின்றான்.

மூன்றாவதாக, கோல்காப்பாளர் இடத்துக்கு, நாங்கள் சாந்தன் என்று கூப்பிடும் ஒரு அமைதியான மனிதர். அவர் பஸ்ஸுக்கு ஓடியதே இல்லை. கதவு மூடினால் ஒரு சிரிப்புச் சிரித்து அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார். “பதறாத மனுசன். கோலுக்கை அப்பிடித்தான் ஒருத்தன் வேணும்” என்றார் பஸ் அண்ணை. முதல் ஆட்டத்தில் பந்து அவரைக் கடந்து வலைக்குள் போனபோதும் சாந்தன் அதே சிரிப்பைச் சிரித்தார். “பரவாயில்லை, அடுத்தது வரும்” என்றார். வந்தது. மூன்று வந்தது.

என்னை ஏன் தலைவனாக வைத்திருக்கிறார் என்றும் கேட்டேன். “நீர் பஸ்ஸிலை ஏறினா போனைப் பாக்கமாட்டீர். ஆக்களைப் பாத்துக்கொண்டிருப்பீர். ஒருத்தன் பாக்கத்தானே வேணும்” என்றார்.

பாஸ்டரிடம் நாங்கள் இரண்டு பேரும் போய் விஷயத்தைச் சொன்னோம். மறுப்பார், தப்பினோம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் கையிலிருந்த பைபிளை மூடி வைத்தார்.

“என்னையோ? முதலாவதாகவோ?”

“ஓம்.”

“ஜெபத்துக்குத் தவிர என்னை ஒருத்தரும் ஒண்டுக்கும் கூப்பிடுறேல்லை” என்றார். பிறகு எழுந்துபோய்த் தன் சப்பாத்தைப் புரட்டிப் பார்த்து அளவு சொன்னார்.

ஆட்டங்கள் ஒரு மணிக்கு. ஆராதனை அதற்குமுன் முடியும் என்பது எழுத்தில் மட்டும். ஆகவே ஞாயிறு தோறும் பஸ் அண்ணை சபையின் கடைசி வரிசையில் போய் உட்காரத் தொடங்கினார். நெற்றியில் மூன்று குறி விபூதி, மடியில் அணிச் சட்டைகள் அடைத்த பை. பிரசங்கம் நீளும்போது எழுந்து நிற்பார். பேசமாட்டார், சும்மா நிற்பார், பஸ் புறப்படுமுன் நிற்பதுபோல. சபையார் முதலில் முகம் சுளித்தார்கள். ஒரு மாதத்தில் அவருக்காகவும் ஜெபிக்கத் தொடங்கினார்கள். பாஸ்டரின் பிரசங்கம் குறுகியதில் அவர்களுக்கும் ஒரு நன்றி இருந்தது என்று நினைக்கிறேன்.

பாஸ்டருக்குப் பந்து உதைக்க வராது. ஆனால் “விடு! என்ரை!” என்று அவர் ஒரு குரல் கொடுத்தால் எதிரணிக்காரன் பந்தை விட்டுவிட்டு நின்றான். அந்தக் குரலை வைத்து இரண்டு ஆட்டங்களைச் சமன் செய்தோம். இருந்தும் கடைசி ஞாயிறு வந்தபோது நாங்கள் கடைசிக்கு ஒன்று மேலே, மயிரிழையில் தொங்கிக்கொண்டிருந்தோம். எங்கள் சொந்த மைதானத்தில், நிரோஷனின் பிரெடெரிசியாவோடு ஆட்டம். சமன் செய்தால் அணி தப்பும். தோற்றால் கலைப்பு.

கடைசி ஆட்டமென்று நானும் பஸ் அண்ணையோடு சபைக்குப் போயிருந்தேன். அன்று பார்த்துச் சபையில் மூன்று பேர் எழுந்து, கர்த்தர் தங்களுக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொன்னார்கள். மூன்றாவது ஆள் கனடாவிலிருந்து வந்தவர். நிறையச் சொல்ல இருந்தது. பஸ் அண்ணை எழுந்து நின்றும் பலன் இல்லை. ஒருவழியாக நாங்கள் பாஸ்டரை இழுத்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்கு வந்தால், பாஸ்டர் தலையில் கைவைத்தார்.

“சப்பாத்து! உள்ளுக்கை விட்டிட்டன்.”

“நீங்கள் ஏறுங்கோ. நான் எடுத்துக்கொண்டு கெதியா வாறன்” என்று பஸ் அண்ணை திரும்பிப் போனார். அவர் மறைந்ததும் பஸ் வந்தது. ஓட்டியவள் லொட்டே, அவரோடு வேலை செய்யும் டெனிஷ்காரி. ஒரு நிமிடம் பொறு, உன்னுடைய ஆள்தான் வருகிறார் என்று கெஞ்சினேன்.

“அவருக்காகவா?” என்றாள். “எனக்கு வேலை பழக்கியதே அவர்தான். யாருக்காகவும் நிற்காதே என்று சொல்லித் தந்தவரும் அவர்தான். நின்றால் முதலில் என்னைத் திட்டுவது அவராகத்தான் இருக்கும்.”

கதவு மூடியது. பஸ் நகர்ந்தது. நான் பின் கண்ணாடிக்கு ஓடினேன்.

சபை மூலையைத் திரும்பி அவர் வந்தார். ஒரு கையில் சப்பாத்துகள், மற்றக் கை நழுவும் காற்சட்டையின் இடுப்பில். அவர் ஓடி நான் பார்த்தது அதுவே முதல் தடவை. யாருமே பார்த்திருக்கமாட்டார்கள். முழங்கால் உயரவேயில்லை. இடது கால் இழுத்தது. தலை முன்னால் போனது. உடம்பு பின்னால் வருவதா வேண்டாமா என்று யோசித்தது. இதைவிட மோசமான ஓட்டத்தை நான் கண்டதில்லை. ஆனால் அவர் நிற்கவில்லை. பஸ் தூரம் போகப்போகவும் நிற்கவில்லை.

எனக்குப் பக்கத்தில் பாஸ்டர் எழுந்தார்.

“ஸ்டொப்!”

லொட்டே பிறேக் போட்டாள். எதிரில் சைக்கிளில் வந்த ஒரு கிழவரும் இறங்கி நின்றார்.

பஸ் அண்ணை படியேறினார். மூச்சு முழுவதையும் சேர்த்து லொட்டேயைப் பார்த்து டெனிஷில் முதலில் கேட்டது, “ஏன் நிறுத்தினாய்?” பிறகு வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“பாத்தனீரே?”

“ஓம் அண்ணை.”

“எப்பிடி?”

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் என்னை வைத்திருந்தது பார்ப்பதற்காக. “இடது கால் இழுக்குது அண்ணை. முழங்கால் எழும்புறேல்லை.”

“ம்” என்றார். “நினைச்சனான்.” பாஸ்டரின் சப்பாத்துக் கயிறுகளை அவிழ்த்துத் தயாராக வைத்தார்.

ஆட்டத்தின் முதற்பாதியில் நிரோஷன் ஒரு கோல் போட்டான். சாந்தன் சிரித்தார். இரண்டாம் பாதியில் ஜெயம் பந்தோடு புறப்பட்டான். அன்று அதிர்ஷ்டவசமாக அவன் நின்ற இடத்துக்கு நேரே கோல் இருந்தது. பந்தும் உள்ளே போனது, அவனும் உள்ளே போனான். ஒன்றுக்கு ஒன்று. ஆனால் வலைக்குள் சிக்கியதில் ஜெயத்தின் கணுக்கால் பிரண்டுவிட்டது. எங்களிடம் மாற்று ஆள் இல்லை. இருந்த ஒருவருக்கும் முதியோர் இல்லத்தில் வேலை. ஒரு ஆள் குறைய, நிரோஷனுக்கு எதிராக, கடைசிப் பத்து நிமிடம்.

நான் நடுவரிடம் போனேன். “மிச்சத்திலிருந்து ஒருவரை எடுக்கிறோம்” என்றேன். பெயரைச் சொன்னேன், பெற்றோர் வைத்த பெயரை.

கோட்டுக்கு வெளியே நின்ற பஸ் அண்ணை பின்னால் திரும்பிப் பார்த்தார், அந்தப் பெயருக்குரியவர் எங்கே என்று தேடுவதுபோல. வருடா வருடம் எங்களை அதிரவைத்த மனிதரின் வாய் திறந்தபடி இருந்தது.

“விசரே உமக்கு? அவன் சரிவரான்!”

“நான் பாத்தனான் அண்ணை. வாங்கோ.”

வேலைக்குப் போடும் கறுப்புச் சப்பாத்தோடு இறங்கினார். கோலுக்கு முன்னால் ஓரிடத்தைக் காட்டி, அசையவேண்டாம் என்றேன். பஸ் தரிப்பிடக் கம்பம்போல நின்றார். கடைசி நிமிடத்தில் நிரோஷன் அடித்த அடி பாஸ்டரின் குரலையும் தாண்டி வந்து பஸ் அண்ணையின் வயிற்றில் பட்டது. அவர் விழுந்தார். பந்து வெளியே போனது. விசில் ஊதியது. நாங்கள் ஓடிப்போய்த் தூக்கினோம். “பந்து உள்ளுக்கை போகேல்லையே?” என்று நாலு தரம் கேட்டார்.

அணி தப்பியது. பஸ் அண்ணை ஓய்வு பெற்று இப்போது ரண்டர்ஸில் மகளோடு இருக்கிறார். பொறுப்பாளர் வேலையை எனக்குத் தந்துவிட்டுப் போனார். அவருடைய பெயரை வெட்டட்டுமா என்று ஒவ்வொரு வருடமும் சங்கத்தார் போனில் கேட்கிறார்கள். “கிடக்கட்டும்” என்கிறாராம்.

பிரிப்பு நாளில் முதல் சுற்று வரும்போது அந்தப் பெயரைத்தான் நான் சொல்கிறேன். இப்போது ஒருவரும் தேநீர் ஊற்றிக்கொள்வதில்லை. ஓட்டம் மோசம்தான். கண்ணால் பார்த்துத்தான் எடுக்கிறேன்.