செவன் ஹில்ஸ் மச்சான் தெரிவுசெய்த மெஷின்

மல்கிரேவ்,
வியாழக்கிழமை.

பேரன்பும் பெருமதிப்பும் மிக்க மைத்துனர் கபிலன் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் துணைவியார் மயூராவும் செவன் ஹில்ஸில் சகல சௌபாக்கியங்களோடும் வாழ வேண்டுமென மல்கிரேவிலிருந்து சிறிதரன் மனமார வேண்டிக்கொள்வது. இங்கே தங்கள் தங்கை சத்தியபாமா நலம். மகள் தர்ஷனா நலம். மருமகன் கஜீவன் நலம். புதிதாகப் பிறந்திருக்கும் பேரனும் மிக நலம் என்று கேள்வி. கேள்வி என்று ஏன் எழுதுகிறேன் என்றால், அவனை நான் இன்னும் கையில் தூக்கவில்லை. தூக்க விடவில்லை. அதற்குக் காரணம் தாங்கள்தான். தாங்கள், தங்கள் என்ற மரியாதையெல்லாம் இந்த வரியோடு முடிந்தது. நீர் என்ன வேலை ஐசே பார்த்து வைத்திருக்கிறீர்?

இதை வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டுத் தப்பிவிடுவீர். தொலைபேசியில் சொன்னால் நான் வாய் திறக்க முன்னமே நீர் இரண்டு ஆலோசனை சொல்லி முடித்திருப்பீர். அதனால்தான் முத்திரை ஒட்டி அவசரத் தபாலில் அனுப்புகிறேன். கதிரையில் இருந்து, கண்ணாடியைப் போட்டு, முழுவதையும் வாசியும்.

தர்ஷனா நேர்ஸ் என்பது உமக்குத் தெரியும். அதுவும் மூச்சு வருத்தக்காரரைப் பார்க்கிற வார்டில் வேலை. பிள்ளை வயிற்றில் தங்கிய உடனேயே அவள் ஒரு சட்டம் போட்டாள். சிகரெட் குடிப்பவர் எவரும் பிள்ளைக்குக் கிட்ட வரக்கூடாது, தன்னைப் பெற்ற அப்பாவாக இருந்தாலும் சரிதான் என்று. கல்யாணத்துக்கு முந்தியே பிடித்த சிகரெட்டை நான் அன்றே விட்டேன். அதில் ஒரு பொய்யும் இல்லை, உம்முடைய தங்கையைக் கேட்டுப் பாரும். விட்டுவிட்டு, நீர் காட்டிய வழியில் வேப் என்கிற அந்தப் பற்றரிக் குழாயைப் பாமசியில் வாங்கி உறிஞ்சத் தொடங்கினேன். அதுவும் சிகரெட்தான் என்றாள் தர்ஷனா. அதற்குள் இருந்த நிக்கொட்டின் மருந்து ஒழுகியது. முதியோர் சங்கத்து நரசிம்மன் வீட்டுப் பிள்ளையின் அரங்கேற்றத்தில் முன்வரிசையில் இருந்தபோது வெள்ளைச் சேர்ட்டின் பொக்கற் முழுவதும் நனைந்து, நெஞ்சில் கை வைத்துத் துடைத்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்த பக்கத்துக் கதிரைக்காரர், எனக்கு நெஞ்சுவலி வந்து வியர்க்கிறது என்று நினைத்து, மேடையில் பிள்ளை ஆடிக்கொண்டிருக்கும்போதே அம்புலன்ஸைக் கூப்பிட எழும்பிவிட்டார்.

அதை உம்மிடம் சொன்னதுதான் நான் செய்த பிழை. உடனே நீர், "அது தொடக்கக்காரர் பாவிக்கிறது. நீர் அப்கிரேட் பண்ண வேணும்" என்றீர். நாங்கள் வந்து குடியேறின இந்த நாட்டில் இது ஒரு பெரிய கரைச்சல். வீட்டை மல்கிரேவிலிருந்து கிளென் வேவர்லிக்கு அப்கிரேட் பண்ண வேண்டும், காரை அப்கிரேட் பண்ண வேண்டும், போனை அப்கிரேட் பண்ண வேண்டும். கெட்ட பழக்கத்தைக்கூட ஒரே தரத்தில் வைத்திருக்க விடமாட்டீர்கள். பெரிய மெஷின் என்றால் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம், பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் சடங்கு, அந்த முப்பத்தொன்று வரும்போது அதையும் நிறுத்திவிட்டுப் பேரனைத் தூக்கலாம் என்றீர். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் சம்மதித்தேன்.

பிறகு இங்கே சாப்பாட்டு மேசையில் கூட்டம் கூடியது. கஜீவன் லப்டொப்பைத் திறந்து பற்றரி எவ்வளவு நேரம் நிற்கும், பாரம் எவ்வளவு, எந்த நாட்டில் செய்தது என்று வாசித்தான். சத்தியபாமா, "குழந்தைப்பிள்ளை பிறந்திருக்கிற நேரம் கறுப்பு வேண்டாம், வேற நிறத்தில எடுங்கோ, செவ்வாய்க்கிழமை மட்டும் வாங்கிப் போடாதேங்கோ" என்றாள். நீர் ஸ்பீக்கரில் இருந்தீர். தர்ஷனா மட்டும், "அப்பா, ஒண்டும் வாங்காதேங்கோ, இதையும் விடுங்கோவன்" என்றாள். அவள் சொன்னதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கஜீவனை மாப்பிள்ளையாகத் தெரிவுசெய்தபோதுகூட நாங்கள் இவ்வளவு விசாரிக்கவில்லை.

இங்கே இந்தச் சாமானைப் பாமசிக்காரரிடம் நேரே கதைத்துத்தான் வாங்க வேண்டும். புகையிலை வாசம் அல்லது மிண்ட் வாசம், வேறு கிடையாது. எங்கள் பாமசியில் நிற்பது ஹரிப்பிரியா, தமிழ்ப் பாடசாலையில் நான் கணக்குச் சொல்லிக் கொடுத்த பிள்ளை. அது நல்ல மரியாதையாக, ஆனால் கடைக்கே கேட்கிற மாதிரி, "அங்கிள், ஒரு நாளைக்கு எத்தினை தரம் இழுப்பீங்கள்?" என்று கேட்டது. நான் மெதுவாகப் பதில் சொல்லப் பார்க்க, என் கையில் இருந்த போனில் நீர், "பெரிசைக் கேளும்! பெரிசைக் கேளும்!" என்று பக்கத்து மாநிலத்துச் செவன் ஹில்ஸிலிருந்து கத்தினீர். அந்த நேரம் பார்த்து, கோயில் பொருளாளரின் மனைவி கிரிஜா இருமல் மருந்தோடு எனக்குப் பின்னால் வந்து நின்று, "சிறி அண்ணை, என்ன சுகமில்லையோ?" என்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. பெட்டியைத் திறந்து ஏதோ விளங்கப்படுத்த வந்த ஹரிப்பிரியாவிடம், "வேண்டாம் பிள்ளை, என்ர மச்சான் இன்ஜினியர், அவர் சொல்லித் தருவார்" என்று சொல்லிப் பையைப் பறித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நீர் என்ன சொல்லித் தந்தீர்? முதல் நாள் இழுத்துப் பார்த்துவிட்டு, "மச்சான், லைற் எரியுது, ஆனால் புகையைக் காணேல்லை" என்றேன். நீர் சிரித்தீர். "அதுதான் ஐசே அப்கிரேட்! புகை தெரிஞ்சால் அது பழைய மொடல்" என்றீர். நானும் நம்பினேன். இவ்வளவு நயமான மெஷின், இழுப்பது எனக்கே தெரியவில்லை என்று நாலு பேரிடம் பெருமை பேசினேன்.

அடுத்த நாள் தொடங்கியது என் கேடுகாலம். அது எவ்வளவு கடுமையான மெஷின் என்று வாயில் வைத்துப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். தலை இடித்தது, நித்திரை போனது, கை நடுங்கியது, இருமல் பிடித்தது. எதிரே யார் வந்தாலும் ஏன் வந்தார்கள் என்று கோபம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரன் இலை ஊதுகிற மெஷினைப் போட்டதற்கு வேலியில் ஏறி நின்று தமிழில் நான் பேசாத பேச்சில்லை. அவன் நான் சுகம் விசாரிக்கிறேன் என்று நினைத்து ஒரு பை தேசிக்காய் தந்தான். முதியோர் சங்கத்தில் கரம் போர்ட் விளையாடும்போது நரசிம்மன் பாவம், "என்ன சார், ஏன் இவ்ளோ டென்ஷன் ஆறீங்க? ஒரு காய்தானே போச்சு?" என்று கேட்டார். நான் ஸ்ட்ரைக்கரைத் தூக்கி எறிய, அது தேத்தண்ணி அண்டாவுக்குள் விழுந்தது. இன்னும் எடுக்கவில்லை. முப்பத்தொன்றுக்கென்று உம்முடைய தங்கை செய்து வைத்த பயற்றம் பணியாரத்தில் ஒரு தகர ரின் முழுவதையும், குசினியில் நின்றபடியே, ஏன் தின்கிறேன் என்று தெரியாமல் தின்று முடித்தேன். கடையில் பிள்ளைகளுக்குக் கட்டுகிற நப்பிப் பெட்டியில் இருந்த குழந்தைப் படத்தைப் பார்த்து அழுதேன், கபிலன். அந்த இடத்தில் நின்று அழுதேன். ஆறுதலுக்கு உம்முடைய மெஷினை இழுக்க இழுக்க எல்லாம் கூடியதே தவிரக் குறையவில்லை.

நான் பாவித்த முறையில் பிழை என்று மட்டும் நீர் சொல்ல முடியாது. புதுச்சாமான் பாவிக்கிற ஒழுங்கு எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு ரிமோட் இன்னும் பொலித்தீன் உறைக்குள்தான் இருக்கிறது. மைக்ரோவேவின் ஸ்ரிக்கரைக்கூடக் கழற்றவில்லை. இந்த மெஷினையும் வந்த மாதிரியே, ஒரு தாள் கிழியாமல் வைத்திருக்கிறேன். திருப்பிக் கொடுத்தால் கடைக்காரன் வாயைத் திறக்க மாட்டான்.

போன ஞாயிறு கிளென் வேவர்லியில், தர்ஷனா வீட்டில், எல்லாம் வெடித்தது. பேரனைத் தூரத்தில் நின்று பார்க்கப் போனேன். அங்கே கஜீவன் புதுத் தள்ளுவண்டியின் பிடியில் சுற்றியிருந்த பிளாஸ்ரிக்கைச் சரசரவென்று உரித்துக்கொண்டிருந்தான். நல்ல சாமானை இப்படிப் பழுதாக்கலாமா என்று நான் போட்ட சத்தத்தில் பிள்ளை திடுக்கிட்டு அழத் தொடங்கிவிட்டான். தர்ஷனா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். "இனஃப், அப்பா. அந்தப் புது மெஷின் வந்த நாள் துவக்கம் நீங்கள் நீங்களாய் இல்லை. முப்பத்தொண்டுக்கு வாறது எண்டால் அதை விட்டிட்டு வாங்கோ. இல்லாட்டி வரவேண்டாம்" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கண் கலங்கித்தான் சொன்னாள்.

வாற ஞாயிறு முப்பத்தொன்று. நீர்தான் தாய்மாமன், உம்முடைய சொல்லை அவள் தட்டமாட்டாள். உடனே அவளைக் கூப்பிட்டுக் கதையும். அப்பா பழைய சின்னக் குழாய்க்கே திரும்பிவிடுவார், ஒழுகினாலும் பரவாயில்லை, மெல்லமெல்ல விடுவார் என்று சொல்லும். ஒரேயடியாக விடச் சொன்னால் என்னால் முடியாது, கபிலன். இது இல்லாமல் ஒரு நாள் தாங்கமாட்டேன். என் உடம்பு எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பிள்ளையைத் தூக்காமல் அந்தச் சபையில் கைகட்டி நிற்கவும் என்னால் முடியாது. உம்முடைய மெஷினை இத்துடன் பார்சலில் அனுப்புகிறேன். நீரே வைத்து ஊதும்.

மயூராவுக்கு என் அன்பையும், அவரைக் கட்டி வைத்திருக்கும் உமக்கு என் மன்னிப்பையும் தெரிவித்துக்கொண்டு, எல்லா நலமும் பெற்று ஆலோசனை மட்டும் குறைந்து நீடு வாழ வாழ்த்தும்,

உம்முடைய தங்கையின் கணவன்,
சிறிதரன்.

பின்குறிப்பு (சனிக்கிழமை): தர்ஷனாவைக் கூப்பிட வேண்டாம். பார்சலும் வராது. மேலே எழுதிய எதையும் வாசிக்க வேண்டாம், வாசித்திருந்தால் மறந்துவிடும். மெஷினைப் பெட்டியில் வைத்துக் கட்டும்போது, பலகாரச் சாமான் எடுக்கத் தர்ஷனாவும் கஜீவனும் பிள்ளையோடு வந்தார்கள். கஜீவன் மெஷினைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "மாமா, இந்த நீலத் தாளை நீங்கள் இழுத்து எடுக்கேல்லையா?" என்று கேட்டான். "புதுச்சாமானில இருக்கிற தாளை ஏன் எடுக்க வேணும்?" என்றேன். அவன் கதிரையில் இருந்துவிட்டான். மருந்துக்கும் பற்றரிக்கும் நடுவில் நிற்கிற தாளாம் அது. அதை எடுக்காவிட்டால் லைற் மட்டும்தான் எரியுமாம். மருந்துக் குப்பி வாங்கிய நாள் மாதிரியே நிறைந்திருந்தது. மூன்று கிழமையாக நான் இழுத்தது வெறும் மல்கிரேவ் காற்று. "அப்பா, தலையிடி, கோபம், பசி, அழுகை எல்லாம் மெஷினால வரேல்லை. நிப்பாட்டினதால வந்தது. நீங்கள் நிப்பாட்டி முடிச்சிட்டீங்கள்" என்றாள் தர்ஷனா. சொல்லிவிட்டுச் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு பிள்ளையை என்னிடம் தந்தாள்.

உண்மை தெரிந்த நிமிடத்திலிருந்து எனக்கு மறுபடியும் வாய் ஊறத் தொடங்கிவிட்டது. அதற்குள் உம்முடைய தங்கை, உள்ளே தூசி போய்விடும் என்று சொல்லி, அந்த நீலத் தாளை இருந்த இடத்திலேயே திரும்பச் செருகிவிட்டாள். நான் தடுக்கவில்லை. இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு உமக்கு மரியாதையாக வேறொன்று எழுதலாம்தான். ஆனால் இதையே ஒரு கையால் எழுதிக்கொண்டிருக்கிறேன். மற்றக் கையில் ஆள் நித்திரை.