ஐந்து ரெகே இசைத்தட்டுகள் குறித்த என் தீர்ப்பு

லிஃப்ட் மெக்கானிக்காகப் பணிபுரியும் தம்பிக்கு, இறையருளால் எல்லா நலமும் உண்டாகுக. இங்கு நானும் என் இல்லாளும் மகளும் நலம். என் இசைப்பெட்டியும் நலமே என்பது நேற்றுத்தான் உறுதியாயிற்று.

என் மகளை மணக்க நீர் சம்மதம் கேட்ட அன்று, ஒருவரின் ரசனையை அறியாமல் பெண் கொடுப்பதற்கில்லை என்றேன். மறுநாளே நீர், உம் நெஞ்சுக்கு நெருக்கமான ஜமைக்கா நாட்டு ரெகே இசைப் பாடகரின் ஆகச் சிறந்த ஐந்து இசைத்தட்டுகளைத் தரவரிசைச் சீட்டுடன் கொண்டுவந்து வைத்தீர். மறையும் பழம்பாட்டும் அன்றி வேறறியேன். ஆயினும் கேளாமல் தீர்ப்புரைப்பது அறமன்று என்று நீராடி அமர்ந்து, கேட்கக் கேட்க உரையும் எழுதலானேன். பாடகர் கிளிக்குஞ்சுக் குரலில் இறைவனை அவசர அவசரமாக அழைத்தார். பக்தியின் மழலை என்று பதினோரு பக்கம் விரித்தெழுதி மகளிடம் படித்துக் காட்ட, அவள் பெட்டியை எட்டிப் பார்த்து, "அப்பா, முப்பத்துமூணுல சுத்த வேண்டியத நாப்பத்தஞ்சுல சுத்த விட்டிருக்கீங்க. பாவம், அந்த மனுஷனுக்கு மூச்சு வாங்குது" என்றாள். வேகத்தைக் குறைத்ததும் ஆழ்ந்த குரலுடைய ஆண்மகன் ஒருவர் நிதானமாகப் பாட, நான் பதினோரு பக்கத்தையும் கிழிக்க, அடுத்த குறை காதில் பட்டது: தாளத்தின் நான்கு அடியில் முதல் அடி விழவேயில்லை. சீர் எண்ணிப் பழகிய காது இதைப் பொறுக்குமா? ரேடியோ ரிப்பேர்காரரை வரவழைத்தேன். பெட்டியைக் கழற்றிப் பூட்டிய அவர், "ஐயா, மிஷின் கல்லு மாதிரி இருக்கு. அந்த எடத்துல அவங்க அடிக்கவே மாட்டாங்க. எண்ணாம சும்மா கேளுங்க" என்று சொல்லிப் போனார்.

சும்மா கேட்டேன். நீர் நான்காவதாக வைத்த தட்டில், வீடிழந்து வேற்று மண்ணில் உழைக்கும் மக்களுக்காக அவர் மன்றாடுகிறார். மொழி அரைகுறையாகவும் மன்றாட்டு முழுமையாகவும் விளங்கிற்று. தாளத்தின் முதல் இடத்தை ஆண்டவனுக்கெனக் காலியாக விட்டுவிட்டு, மூன்றாம் இடத்தில்தான் முழக்குகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. ஐம்பதாண்டு வழிபாட்டில் நான் அப்படி ஓரிடமும் விட்டதில்லை. முழுவதும் நானே பேசித் தீர்த்திருக்கிறேன்.

இத்தகைய தட்டுக்கா நான்காம் இடம்? நீர் முதலிடம் தந்ததோ காலைத் தாளம் போட வைக்கிறது, அவ்வளவே. இவ்விரண்டும் இடம் மாற வேண்டும். ரசனையில் இத்தனை தொலைவு இருக்கையில், பெண் தர இயலாமைக்கு வருந்துகிறேன்.

நீர் நீடு வாழ்க. உம் கைபட்ட லிஃப்டுகள் இடையில் நில்லாது ஏறி இறங்குக.

இங்ஙனம்,
பெண்ணைப் பெற்றவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் இதை என் இல்லாளிடம் படித்துக் காட்டினேன். "அஞ்சுல மூணு ஒத்துப்போகுதா? கல்யாணமாகி முப்பது வருஷத்துல உங்களுக்கும் எனக்கும் ஒண்ணாவது ஒத்துப்போயிருக்கா? நான் என்ன பெட்டியைத் தூக்கிட்டா போயிட்டேன்?" என்றாள். ஆகவே, மாப்பிள்ளை, மேற்கண்ட தீர்ப்பு செல்லாது. ஞாயிறு மாலை பெற்றோருடன் வாருங்கள். சம்பந்தி முன்னிலையில் நான் தரவரிசையைத் தொடங்கினால், தயவுசெய்து நீங்கள்தான் பேச்சை மாற்ற வேண்டும், என்னால் இயலாது.