தேவாங்கும் தூங்குமூஞ்சி ஸ்கேனரும்

ஒரு காட்டில் ஒரு கிடங்கு இருந்தது. சிங்கம் எங்கே என்று கேட்பீர்கள். சிங்கம் தலைமையகத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போடுவதைத் தவிர அதற்கும் இந்தக் கதைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

மழைக்காலம் வருமுன் காட்டிலுள்ள ஒவ்வொரு ஜீவனும் தன் தீனியை மூட்டை கட்டி இந்தக் கிடங்கில் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்பது சட்டம். முன்பெல்லாம் அவரவர் தீனியை அவரவர் பொந்தில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத்தான் இருந்தார்கள். அது யாருக்கோ பொறுக்கவில்லை. இப்போது மூட்டைக்கு மூட்டை கறுப்புக் கோடு போட்ட ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதுதான் பார்கோடு. ஸ்கேனர் அதைப் படித்து 'பீப்' என்றால்தான் மூட்டை உள்ளே போகும். மூட்டை உள்ளே போனால்தான் அடைமழையில் வயிற்றுக்குள் ஏதாவது போகும்.

இரண்டாம் கவுண்டரில் ஸ்கேனர் பிடிப்பவள் விசாலாட்சி என்ற தேவாங்கு. முகத்தில் பாதி கண்ணாகவே இருந்ததால் பெற்றவர்கள் பொருத்தமாகத்தான் பெயர் வைத்திருந்தார்கள். தேவாங்கு ராத்திரியில் விழித்திருக்கும் பிராணி. அவளுக்குப் போட்டிருந்ததோ பகல் ஷிப்ட். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள், நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

அவள் மெதுவாகத்தான் வேலை செய்வாள். கை மேஜையிலிருந்து மூட்டைக்குப் போவதற்குள் வரிசையில் நிற்பவர்கள் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்துவிடலாம். ஆனால் மூன்று மழைக்காலமாக அவள் கையில் ஒரு மூட்டை தப்பாகப் போனதில்லை. "பதறாத காரியம் சிதறாது" என்பது அவள் வாயில் அடிக்கடி வரும் பழமொழி. அந்த வேலையோடு அவளுக்கு ஒரு குடியிருப்பும் கொடுத்திருந்தார்கள்: கிடங்கை ஒட்டிய மருத மரத்தில் ஒரு பொந்து, நனையாத பொந்து. பிறந்து ஒரு மாதமே ஆன இரட்டைக் குட்டிகள் அவள் வயிற்றைக் கவ்விக்கொண்டே வேலைக்கு வரும், வேலை முடிந்ததும் அந்தப் பொந்தில் தூங்கும். வேலை போனால் பொந்தும் போகும். மழைக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

பழைய ஸ்கேனரில் ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கினால் படிக்கும், விட்டால் சும்மா இருக்கும். பச்சைக் குழந்தைக்கும் புரியும். ஆனால் பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றுகிற மின்மினிப் பூச்சிகள் சங்கம் வைத்து, இனி நாளொன்றுக்கு ஒரு தடவைதான் ஏற்றுவோம் என்று சொல்லிவிட்டன. உடனே தலைமையகம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிற புது ஸ்கேனர் அனுப்பியது. பொத்தானே கிடையாது, எல்லாம் சென்சார்.

கண்காணிப்பாளர் வராகமூர்த்தி, காட்டுப்பன்றி, ஸ்கேனரை மூக்கின் மேல் வைத்துக்கொண்டு விளக்கினார்.

"கவனமாக் கேளுங்க. இதுல மூணு சென்சார். கை பட்டா ஒண்ணு கண்டுபிடிச்சு முழிச்சுக்கும். எட்டு எண்ணுறதுக்குள்ள அசைவு இல்லேன்னா இன்னொண்ணு அதைத் தூங்க வெச்சிரும். மூணாவது தூரம் பாக்கும். ஒரு முழத்துக்குள்ள கோடு எது வந்தாலும் அதுவாப் படிச்சிரும். யார் எவ்வளவு அசைச்சாங்கன்னு கணக்கு தானாத் தலைமையகத்துக்குப் போயிரும்."

"ஐயா, மெதுவா அசைச்சா?" என்று கேட்டாள் விசாலாட்சி.

"அசைவுன்னா அசைவும்மா. அதுல என்ன மெதுவு, வேகம்?" என்றார் வராகமூர்த்தி. அவருக்கும் தெரியாது, பாவம்.

மறுநாள் காலை முதல் ஆளாக வந்தது செவந்தி என்ற முயல், கோரைக்கிழங்கு மூட்டையோடு. விசாலாட்சி ஸ்கேனரை எடுத்தாள். அது விழித்தது. அவள் கையை மூட்டைப் பக்கம் கொண்டுபோனாள். பாதி வழியில் ஸ்கேனர் இனிமையான பெண் குரலில், "ஆள் இல்லை. உறங்கப் போகிறேன். நன்றி" என்றது.

"நான் இருக்கேனே" என்றாள் விசாலாட்சி.

ஸ்கேனர் அதற்குள் தூங்கிவிட்டது. கையை எடுத்து மறுபடி வைத்தாள், விழித்தது. தூக்கினாள், தூங்கியது. உச்சி வெயில் ஏறும்வரை இதே கூத்து. செவந்தி நல்ல மனசுக்காரி. "பரவால்லக்கா, நான் மூட்டையை உங்க கைக்கிட்டயே கொண்டாரேன்" என்று தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். மூட்டையிலுள்ள சீட்டை ஸ்கேனருக்கு நேராகத் திருப்புவதற்குள் அது இன்னொரு நன்றி சொல்லிவிட்டது. வரிசையில் நின்ற சருகுமான்கள் முணுமுணுத்துக்கொண்டே முதல் கவுண்டருக்கு நடையைக் கட்டின. கடைசியில் செவந்தியும் போனாள். விசாலாட்சிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்தக் கண்ணில் கண்ணீர் முட்டினால் ஊருக்கே தெரியும். ஆகவே அவள் குனிந்துகொண்டாள்.

முதல் கவுண்டரில் இருந்தவன் துடியாண்டி என்ற குரங்கு. அவன் கையில் ஸ்கேனர் ஒரு கணம் கண்ணை மூடவில்லை. தலையைச் சொறிய அதை உபயோகித்தான். அதைத் தூக்கிப் போட்டுப் பிடித்தான். விட்டத்தில் தொங்கிக்கொண்டு வாலால் சுழற்றினான். முழம் தூரத்தில் கோடாக எது தென்பட்டாலும் அது படித்துத் தள்ளியது. முள்ளம்பன்றியின் முதுகு கம்பு இரண்டு மூட்டை என்று பதிவானது. இலுப்பைப்பூ மூட்டையோடு வந்த அணிலின் முதுகில் மூன்று கோடு உண்டே, அதைப் போட்டது யார் என்பது பெரிய இடத்துச் சமாச்சாரம். ஆனால் ஸ்கேனருக்கு அந்தப் பக்தியெல்லாம் கிடையாது. 'பீப். வாழைப்பழம், இரண்டு சீப்பு' என்றது.

அணிலை உள்ளே கொண்டுபோய் வாழைப்பழ அடுக்கில் வைத்துவிட்டார்கள். "நான் பழம் இல்லைங்க" என்று அது கத்தியது. சரக்கு கொடுக்கும் புகாரை எந்த மேஜையில் வாங்குவது என்று யாருக்கும் தெரியவில்லை. சாயங்காலம் வாழைப்பழத்துக்கு டோக்கன் வைத்திருந்த ஒரு கரடி கையெழுத்துப் போட்டு அணிலை வாங்கிப் போய், வாசலில் இறக்கிவிட்டு, வெறும் வயிற்றோடு வீட்டுக்குப் போனது. கரடி என்றால் கரடி விடுவது மட்டும்தான் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாம் நாள் தலைமையகத்திலிருந்து அறிக்கை வந்தது. துடியாண்டி: அசைவு நூற்றுக்கு நூறு, பாராட்டுக்குரியவர். விசாலாட்சி: அசைவு பூஜ்யம், பணிக்கு வரவில்லை.

வராகமூர்த்தி அவளைக் கூப்பிட்டார். "ஏம்மா, மூணு நாளா நீ வேலைக்கே வரலையாமே?"

"ஐயா, நான் உங்க கண்ணு முன்னாலதானே உக்காந்திருக்கேன்."

"எனக்குத் தெரியுது. சென்சாருக்குத் தெரியணுமே."

"நீங்க ஒரு வார்த்தை எழுதிப் போடக் கூடாதா?"

"எழுதலாம். அப்புறம் சென்சாரை நம்பாத கண்காணிப்பாளர்னு என்னைப் பத்தி ஒரு வார்த்தை எழுதுவாங்க." அவர் கொம்புப் பல்லைத் தேய்த்துக்கொண்டார். "ஏழு நாள் சேந்தாப்புல ஆள் இல்லைன்னு வந்தா பேரை எடுத்துருவாங்க. பொந்தை அன்னைக்கே காலி பண்ணணும். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு, என்ன பண்றது?"

அவருக்குக் கஷ்டமாக இருந்தது உண்மைதான். சாப்பிடும்போது அது மறந்துவிடும்.

துடியாண்டி அவள் மேஜையில் வந்து குந்தினான். கெட்டவன் இல்லை, ஒரு இடத்தில் நிற்க முடியாதவன், அவ்வளவுதான். "விசாலாட்சிக்கா, ஆடுற மாட்ட ஆடிக் கறக்கணும், பாடுற மாட்டப் பாடிக் கறக்கணும். இது ஆடுற மாடு. நீங்களும் ஆடுங்க" என்றான்.

அவள் ஆடிப் பார்த்தாள். நாலாம் நாள் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். அவள் ஆட்டுகிற வேகத்தில் சூரியன்கூட முந்திக்கொண்டது. ஐந்தாம் நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காலை ஆட்டினாள். கொஞ்சம் வேகம் வந்தது, ஸ்கேனர் ஒற்றைக் கண்ணைத் திறந்தது. அந்த நேரம் பார்த்து அந்தப் பக்கம் வந்த வராகமூர்த்தி, "உக்காந்துக்கிட்டுக் காலாட்டாதம்மா, குடும்பத்துக்கு ஆகாது" என்று அதட்டினார். காலை நிறுத்தினாள். ஆறாம் நாள் உடம்பையே உலுக்கிக்கொண்டாள். வயிற்றிலிருந்த குட்டிகள் இரண்டும் பால் கக்கின. அவள் அவற்றைத் துடைத்துவிட்டு, இதுக்கு மேல என்னால ஆகாது என்று ஸ்கேனரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. பொந்து போனால் இந்த இரண்டையும் எந்த இலைக்கடியில் வைத்துக் காப்பது என்பதைத் தவிர அவள் மனதில் வேறு ஒன்றும் ஓடவில்லை.

ஏழாம் நாள் காலை ஒரு கொக்கு வந்து இறங்கினார். தலைமையகத்தின் சொத்துச் சரிபார்ப்பு அதிகாரி. வெள்ளை உடுப்பு, நீண்ட மூக்கு. எந்த விஷயத்திலும் விதிப்படிதான் நடக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்பவர்.

"இரண்டாம் கவுண்டரில் ஆள் இல்லைங்க ஐயா. பேரை எடுக்க உத்தரவு தயார். நீங்க ஒரு கையெழுத்து மட்டும்..." என்று வராகமூர்த்தி காகிதத்தை நீட்டினார்.

கொக்கு வாங்கவில்லை. ஸ்கேனரின் அறிக்கையை மூக்கால் ஒவ்வொரு வரியாகத் தடவிப் படித்தார். யாருமே படிக்காத முதல் வரியை அவர் படித்தார்.

"அசைவு பூஜ்யம், சரி. ஆனா மொத சென்சார் என்ன சொல்லுதுன்னு பாத்தீங்களா? ஏழு நாளும் கதகதப்பா ஒண்ணு அதைத் தொட்டுக்கிட்டே இருந்திருக்கு. அப்ப இந்த இடத்துல ஏதோ ஒண்ணு இருக்கு."

"நான்தாங்க" என்றாள் விசாலாட்சி.

கொக்கு அவள் பக்கம் திரும்பவில்லை. "இருக்கு. ஆனா அசையலை. என்கிட்ட இருக்கிற படிவத்துல ரெண்டே கட்டம். அசையும் சொத்து. அசையாச் சொத்து. மூணாவது கட்டம் இல்லை." சிறகைப் பேனாவாக்கி எழுதினார். "அசையாச் சொத்து. தேவாங்கு, ஒன்று. வயத்துல என்ன?"

"என் குட்டிங்க."

"இணைப்புக் கட்டடம், இரண்டு."

வராகமூர்த்திக்கு வாய் திறந்தது திறந்தபடி நின்றது. "ஐயா, அப்ப இவங்களை வேலையை விட்டு எடுக்கிறது?"

"ஊழியரை எடுக்கலாம். கட்டடத்தை எடுக்க முடியாது. இடிப்பு உத்தரவு வாங்கணும். அதுக்கு சிங்கம் நேர்ல வந்து பாக்கணும்." கொக்கு தாளைப் புரட்டினார். "சிங்கம் வந்ததா வரலாறு இல்லை."

"பொந்துங்க ஐயா?" என்று கேட்டாள் விசாலாட்சி.

"சொத்தை ஒட்டின இடம் சொத்தோடதான் சேரும். கட்டடத்துக்குச் சம்பளம் கிடையாது. பராமரிப்பு உண்டு. தினம் பதினஞ்சு வெட்டுக்கிளி, தை மாசம் வெள்ளையடிப்பு."

அவளுக்கு நம்ப முடியவில்லை. மூன்று வருஷம் பிழையில்லாமல் உழைத்து வாங்கிய சம்பளமே தினம் பன்னிரண்டு வெட்டுக்கிளிதான்.

பிறகு கொக்கு முதல் கவுண்டருக்குப் போனார். துடியாண்டி பாராட்டுப் பத்திரத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு விட்டத்திலிருந்து வணக்கம் சொன்னான். கொக்கு அறிக்கையைப் பார்த்தார், அசைவு நூற்றுக்கு நூறு. "அசையும் சொத்து. இடமாற்றத்துக்கு உகந்தது" என்று எழுதி, அவன் கழுத்தில் ஒரு சீட்டைக் கட்டி, வடக்கு மலைக் கிடங்குக்குப் போகிற வண்டியில் ஏற்றிவிட்டார். வண்டி வளைவில் மறையும்வரை அவன் கையை ஆட்டிக்கொண்டே போனான்.

புறப்படும் முன் கொக்கு விசாலாட்சியின் காதருகே குனிந்தார். ஆற்றங்கரையில் நாளெல்லாம் ஆடாமல் அசையாமல் நிற்கிற ஜாதி அவர், அவருக்கும் ஒரு மனசு இருந்திருக்கலாம்.

"அம்மா, ஒண்ணு சொல்றேன். அலுவலக நேரத்துல அசைஞ்சிராதீங்க. ஒரு தரம் அசைவுன்னு பதிவாச்சுன்னா கட்டம் மாறிரும். அடுத்த வண்டி மேற்கு மலைக்குப் போகுது."

அன்று பிற்பகல் மழை தூற ஆரம்பித்தது. முதல் கவுண்டரில் ஆளே இல்லை. இரண்டாவதில் கட்டடம் இருந்தது. வரிசை வாசலைத் தாண்டிப் புளியமரம் வரை நின்றது. வரிசையில் முதல் ஆளாகச் செவந்தி நனைந்துகொண்டு நின்றாள். அவளுடைய கிழங்கு மூட்டையைத் துடியாண்டியின் ஸ்கேனர் கருங்கல் என்று பதிவு செய்து திருப்பி அனுப்பியிருந்தது.

"அக்கா, உங்களுக்கு வேலை போகலைன்னு கேள்விப்பட்டேன். வயிறு குளுந்துச்சு" என்றாள். மூட்டையின் அடி ஈரமாகி முளை விட ஆரம்பித்திருந்தது. "பழைய பொத்தான் ஸ்கேனர் உங்களுக்குப் பின்னால அலமாரியிலதான் இருக்கு. கையை நீட்டி இந்த ஒண்ணை மட்டும் அமுக்கி விட்டுருங்கக்கா. வீட்ல ஆறு பிள்ளைங்க."

விசாலாட்சிக்கு அலமாரி தெரியும். ஸ்கேனர் எந்தத் தட்டில் இருக்கிறது என்றும் தெரியும். கை தானாக விரலைப் பிரித்தது. மூன்று வருஷப் பழக்கம். ஒரு தரம், ஒரே ஒரு தரம், அதுவும் மெதுவாக. ஆனால் மூன்று நாள் ஆடி ஆடிப் பயிற்சி எடுத்திருக்கிறாள். இப்போது அவள் கை முன்னைவிட வேகம், இந்தச் சனியன் பிடித்த சென்சார் கண்டுபிடித்தாலும் பிடித்துவிடும். வயிற்றில் ஒரு குட்டி கதகதப்பாகக் கொட்டாவி விட்டது.

"அக்கா, கேக்குதா? விசாலாட்சிக்கா?"

அவளுடைய பெரிய கண்கள் இரண்டும் நிறைந்து வழிந்தன. கண்ணீர் அசைவில் சேருமா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆகவே அதையும் துடைக்காமல் விட்டாள்.

செவந்தி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கினாள். "பாவம், சுவர் ஒழுகுது" என்று பின்னால் நின்ற சருகுமானிடம் சொன்னார் வராகமூர்த்தி, பராமரிப்புக்கு எழுதிப் போட ஒரு தாளைத் தேடிக்கொண்டே.

நீதி: உழைப்பவருக்கு வேலை நிரந்தரமில்லை, கட்டடத்துக்கு உண்டு. ஆகவே வேலையில் சேர்ந்த அன்றே சுவராகிவிடுக. அடுத்தவர் கூப்பிடும் குரல் கேட்கத்தான் செய்யும், திரும்பிப் பார்க்கக் கூடாது.